ஒப்பிட்டவர் கையெழுத்து

ரசலையன் தக்கலை தாலுகா ஆபீஸில் முப்பத்துநான்கு வருடம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்துநான்கு வருடத்தில் அவர் கைப்பட எத்தனை சான்று நகல்கள் வெளியே போயின என்று கேட்டால் ஒற்றை இலக்கம் பிசகாமல் சொல்வார். யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய குறை.

சான்று நகல் என்றால் அடியில் இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். எழுதியவர் என்று ஒன்று, ஒப்பிட்டவர் என்று ஒன்று. ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் நகலின் வரிகளில் விரலை நகர்த்திக்கொண்டே வருவார். இரண்டாவது கையெழுத்து விழாத தாள் ரசலையனுக்குத் தாளே அல்ல. மளிகைக்கடைச் சீட்டைக்கூட மனைவி செல்லபாயை வாசிக்கச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பியில் குத்துவார். செல்லபாய் இதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தாள். சர்ச்சில் பாட்டு நம்பர் அறிவிப்பார்களே, அந்தக் குரல்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் யாராலும் ஒப்பிடப்படாத ஆவணம் ஒன்று இருந்தது. அவருடைய மழைக் கணக்கு.

ஒரு ஏலத்தில் பதினெட்டு ரூபாய்க்குப் பழைய மழைமானி கிடைத்தது. அதை வீட்டுக்குப் பின்னால், தென்னை நிழல் விழாத இடமாகப் பார்த்து நட்டார். 1983 ஜனவரி முதல் தேதியிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு உள்ளே இருக்கும் புட்டியை எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, பேரேட்டில் எழுதினார். மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பூஜ்யம் போடுவார். வீட்டுக்குள் இருந்துகொண்டே பூஜ்யம் போடுவது அவரளவில் மோசடி. ஆக, போன அக்டோபர் முடிய பதினையாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து நாட்கள். பக்கத்தில் எங்கும் வேறு மழைமானி கிடையாது. எதோடு ஒப்பிடுவது?

ரெனிஷா அவருடைய தங்கை மகள். திருவனந்தபுரத்தில் மென்பொருள் கம்பெனியில் வேலை. ஆகஸ்டில் அவள்தான் பேரேடுகளைப் படம் பிடித்து, எண்களை எல்லாம் கணினிக்கு மாற்றி, ஒரு இணையதளமாகப் போட்டாள். அப்புறம் மாதம் முடிய முடியப் புதுப் பக்கத்தையும் சேர்த்து வந்தாள். தன் பெயரைப் போட வேண்டாம் என்று ரசலையன் சொல்லிவிட்டார். அடக்கம் என்று ரெனிஷா நினைத்தாள். பெயர் இல்லாவிட்டால்தான் 'இது யார், இது யார்' என்று உலகம் விசாரித்து வரும் என்பது அவருடைய உள்கணக்கு. வந்தவை எல்லாம் இயந்திரங்கள். ஏதேதோ கம்பெனிகளின் தானியங்கி நிரல்கள் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போயின. ஒரு நன்றி கிடையாது.

"இனி கதவு போடுகேன் மாமா," என்றாள் ரெனிஷா. "மெஷினு வந்து ஒரு மாசத்துக் கணக்கக் கேட்டா, நம்ம சர்வர் '402'ன்னு பதில் சொல்லும். பைசா வேணும்னு அர்த்தம். மெஷினு உடனே அதுக்க பர்சிலேருந்து டிஜிட்டல் காசு போடும். அப்பறந்தான் தாள் கிடைக்கும்."

"யாரு போடுவா? மனுசன் யாராவது பட்டன் அமுக்கணுமா?"

"ஆரும் அமுக்கண்டாம். அந்த மெஷினுக்கு ஏஜென்ட்னு பேரு. வேலையச் சொல்லி, இவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம்னு சொல்லிட்டா போதும். கேக்கதும் குடுக்கதும் வாங்கதும் அதுவே செய்யும். ஒரு மாசத் தாளுக்கு அரை சென்ட் வச்சிருக்கேன். நம்ம கணக்குக்கு நாப்பத்துநாலு பைசா."

402 என்ற எண்ணை இணையம் தொடங்கிய காலத்திலேயே ஒதுக்கிவைத்துவிட்டு, இத்தனை காலம் பெரும்பாலும் சும்மாவே போட்டிருந்தார்கள் என்று அவள் சொன்னது ரசலையனுக்கு மிகவும் பிடித்தது. எண் போட்டு, தாள் வைக்காமல் காத்திருக்கும் கோப்புகளை அவர் அறிவார்.

கதவு போட்ட அக்டோபர் மாதம் வருமானம் பூஜ்யம். இலவசமாக அள்ளியவை எல்லாம் 402 என்றதும் அப்படியே திரும்பிப் போயின. பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ரசலையன் 'வரவு: 0' என்று எழுதினார். இந்தப் பூஜ்யத்தையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

அதே அக்டோபரில்தான் பத்தொன்பதாம் தேதி ஊரையே மூழ்கடித்த மழை. குளத்துக்குக் கீழே கும்பப்பூப் போக நெல் நடவு முழுக்கத் தண்ணீருக்கடியில் போயிற்று. அறுபத்துமூன்று பேருடைய வயல். பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியோ பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்த தன் மழைமானியைக் காட்டி, முப்பத்தெட்டு மில்லிமீட்டர்தான் பெய்தது, அதற்கெல்லாம் பயிர் அழுகாது என்றது. ரசலையனின் பேரேட்டில் அன்றைக்கு நூற்றுமுப்பத்தொன்று புள்ளி எட்டு.

பாசன சங்கச் செயலாளர் சிவதாணு பேரேட்டைக் கம்பெனிக்கு அனுப்பினார். ஒரு தனிமனிதரின் பதிவை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது, வேறொரு மழைமானியின் பதிவோடு ஒத்துப்போனால் பரிசீலிக்கலாம், நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி எங்கள் அலுவலர் நேரில் வருவார் என்று பதில் வந்தது.

சிவதாணு கடிதத்தோடு நேரே ரசலையன் வீட்டுக்கு வந்துவிட்டார். "வோய், உம்ம கணக்க நாங்க நம்புதோம். அவனுக்கு இன்னொரு சாட்சி வேணுமாம். எங்கயாவது கிடைக்குமா?"

கடிதத்தை வாசித்த ரசலையனுக்குக் கம்பெனிமேல் கோபம் வரவில்லை. மாறாக மரியாதை வந்தது. இரண்டாவது கையெழுத்துக் கேட்கிறார்கள், முறை தெரிந்தவர்கள் என்று தோன்றியது. இதை அவர் சிவதாணுவிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

"அறுவத்திமூணு பேருக்க வயிறு எரியுது, நீரு அவனுக்கு சர்ட்டிபிகேட் குடுக்கும்," என்று சிவதாணு எழுந்து போய்விட்டார்.

நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்த ரெனிஷா, மாமாவின் போனிலேயே ஒரு ஏஜென்டை வைத்துக் கொடுத்தாள். அதன் பர்சில் தன் பங்காக ஐந்து டாலர் போட்டாள். ஒரு நாளைக்குப் பத்து சென்டுக்கு மேல் செலவழிக்காது என்று வரம்பும் வைத்தாள். "என்ன தேடணுமோ தமிழ்லயே சொல்லுங்க மாமா. காசு கேக்க எடத்துல அதுவே குடுத்து வாங்கிரும்."

ரசலையன் அதற்கு ஜூனியர் என்று பெயர் வைத்தார். ஆபீஸில் அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்த ஜூனியர் ஒருவரும் வாய்த்ததில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை, மழை அளந்து முடித்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு உத்தரவு போட்டார்: பத்து கிலோமீட்டருக்குள் வேறு யாராவது மழைக் கணக்கு வைத்திருந்தால் தேடிப் பிடிக்கவும். என் பேரேட்டின் பக்கங்கள் இந்தப் போனில் உள்ளன. அதோடு நாள்வாரியாக ஒப்பிடவும். 1983 ஜனவரியிலிருந்து தொடங்கவும்.

சேதி அறிந்த சிவதாணு தலையில் அடித்துக்கொண்டார். "அக்டோபர் பத்தொம்பது, அந்த ஒரு நாள மட்டும் பாக்கச் சொல்லும் வோய்!"

"மொதல்லேருந்து வந்தாத்தான் முறை."

பத்தே நிமிடத்தில் ஜூனியர் பதில் கொடுத்தது. ஒரு பதிவு கிடைத்தது, தனியார் மழைமானி, 1983 முதல் தினசரி அளவுகள் உள்ளன, உரிமையாளர் பெயர் இல்லை, தூரம் 0.0 கிலோமீட்டர். மாதத்துக்கு அரை சென்ட் கட்டணம். இன்றைய வரம்புக்குள் இருபது மாதங்கள் வாங்கப்பட்டன. ஒப்பிட்ட நாட்கள் 609. வித்தியாசம் 0.

ரசலையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். நாற்பத்திரண்டு வருடமாக இன்னொருவன் அளந்திருக்கிறான். அதுவும் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் வரை அதே அளவு. தூரம் பூஜ்யம் என்றால் இதே தெரு. தெருவில் அந்த அளவுக்குக் கட்டுப்பாடான ஆள் யார் என்று யோசித்தார். தன்னைத் தவிர ஒருவரைத்தான் சொல்ல முடியும்: நாலாவது வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் ஞானதாசன். அன்று சாயங்காலமே ஞானதாசன் வீட்டு மதில் ஓரமாக மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை எட்டிப் பார்க்கும்போது வாத்தியார் வெளியே வந்துவிட்டார்.

"என்ன ரசலையன், என்ன தேடுதிய?"

"ஒண்ணுமில்ல. ஒம்ம பின்பக்கத்துல உருண்டையா, தகரத்துல ஏதாவது நட்டு வச்சிருக்கியளா?"

"வேஸ்டு போடுக டின்னு ஒண்ணு இருக்கு. வேணுமா?"

மறைக்கிறார் என்று ரசலையன் முடிவு செய்துகொண்டார். நாற்பத்திரண்டு வருடம் மறைத்தவர் இன்றைக்கா சொல்வார்?

அதே வாரத்தில் இன்னொரு அதிசயமும் நடந்தது. இணையதளத்துக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டார். நவம்பர் மூன்றாம் தேதியிலிருந்து தினமும் காலையில் இருபது மாதத் தாள்கள் விற்றன. தினமும் பத்து சென்ட் வரவு. ரெனிஷா அனுப்பிய விற்பனைப் பட்டியலில் வாங்கியவரின் பர்ஸ் முகவரி இருந்தது. பெயர் இல்லை, எழுத்தும் எண்ணுமாக நாற்பத்திரண்டு குறிகள். ரசலையன் அதைப் பேரேட்டின் இடப்பக்கத்தில் அப்படியே எழுதிவைத்தார். ஜெர்மனியோ ஜப்பானோ, எங்கோ ஒரு ஆராய்ச்சியாளர். அவசரப்படாத மனிதர், 1983-இல் தொடங்கி முறையாகப் படித்து வருகிறார். இப்படிப்பட்டவர் படிக்கும்போது பனியனோடு போய் மழை அளப்பது சரியாகாது என்று, எட்டரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார்.

"மழைக்கு என்ன இன்டர்வியூவா?" என்றாள் செல்லபாய்.

"நாம எழுதுகத ஒருத்தன் படிக்கான் பிள்ளே. தெனமும் படிக்கான்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செருப்புப் போடுகிற இடத்தில் நான்கு பேரிடம் சொன்னார். ஐந்தாவது ஆள் தானாகவே கேட்க வந்தபோது, பெரிதுபடுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. இருபத்தாறாவது நாள். ஜூனியர் கடைசிப் பதினான்கு மாதங்களையும் வாங்கி முடித்தது. மொத்தம் ஐநூற்றுப் பதினான்கு மாதம், பதினையாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து நாள், வித்தியாசம் 0. அக்டோபர் 19: 131.8, 131.8. ஒத்தது.

சிவதாணு வந்து அந்த வரியைத் தானே வாசித்தார். அப்புறம் ரசலையனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் குளத்துக்குக் கீழே ஒன்றேகால் ஏக்கர் உண்டு. "வோய், நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். சங்கத்துக்காரன் அத்தன பேரும் ஒமக்கு சாயா வாங்கித் தருவான்."

போனில் காட்டினால் போதாது என்று, ரசலையன் அந்த ஒப்பீட்டுப் பட்டியலைக் கடையில் கொடுத்து அச்செடுத்தார். தொண்ணூற்றெட்டுத் தாள்.

சனிக்கிழமை காலை, மழை அளந்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் கட்டைப் பிரித்தார். எல்லாவற்றையும் சரிபார்க்க நேரமில்லை. ஆனால் ஒரு நாளை மட்டும் பார்க்க வேண்டும். 1996 ஜூன் 11. வேறு யாருக்கும் தெரியாத நாள் அது. தங்கை கல்யாணத்துக்காக முந்தின நாள் மழை அளந்த கையோடு குளச்சலுக்குப் போயிருந்தவர் அன்றைக்கு மதியம்தான் திரும்பினார். வந்து பார்த்தால் யாருடைய கன்றுக்குட்டியோ மழைமானியை முட்டிச் சாய்த்திருந்தது. புட்டி காலி. தெருவில் இரண்டு பேரிடம், மழை எப்படி என்று கேட்டார். ஒருவர் நல்ல மழை என்றார், மற்றவர் பரவாயில்லை என்றார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, 17.4 என்று எழுதினார். பதினேழு என்று மட்டும் எழுதினால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும் என்பதால், அந்தப் புள்ளி நான்கு. இருபத்தொன்பது வருடமாக அந்தப் பக்கத்தை அவர் வேகமாகத்தான் புரட்டுவார்.

இப்போது ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அன்றைக்கு உண்மையில் எவ்வளவு பெய்தது என்று கடைசியில் தெரியப்போகிறது. விரலை வரிவரியாக இறக்கினார்.

ஜூன் 11: 17.4, 17.4. ஒத்தது.

முதல் அரை நிமிடம் ரசலையனுக்கு வந்தது பெருமிதம். அளக்காமலேயே புள்ளி வரை சரியாகச் சொல்லியிருக்கிறோமே! அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. அதற்கப்புறம்தான் விஷயம் உறைத்தது. வாயில் வந்த எண்ணை உலகத்தில் வேறெந்த மழைமானியும் காட்டாது. அந்த எண் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்.

பேரேட்டைத் திறந்தார். இடப்பக்கத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளரின் முகவரி. வலப்பக்கத்தில், முதல் நாளே ரெனிஷாவிடம் கேட்டு எழுதிவைத்த ஜூனியருடைய பர்ஸின் முகவரி. இரண்டும் அவர் கையெழுத்து. எதிரெதிரே இருபத்தாறு நாளாக இருந்தும், மளிகைச் சீட்டைக்கூட ஒப்பிடும் அந்த மனிதர் இவை இரண்டை மட்டும் ஒப்பிடவில்லை.

"செல்லபாய், இத வாசி."

அவள் தன் பாட்டு நம்பர் குரலில் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் விரல் வலப்பக்கத்தில் நகர்ந்தது. நாற்பத்திரண்டாவது குறிவரை இடறவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான?" என்றாள். "ஒரே ஆளா?"

"ஆமா."

"ஆரு?"

"நான்தான்."

ரெனிஷாவுக்கு போன் போட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "மாமா, ஒங்க கடையில ஒங்க வேலையாளே வந்து சாமான் வாங்கிட்டுப் போயிருக்கு. நீங்க பேரு போடண்டாம்னு சொன்னிய, அதான் அதுக்கு ஒங்க கடைன்னு தெரியல்ல. நானும் வாரக் கடைசியில மொத்தத் தொகைய மட்டுந்தான் பாத்தேன். தூரம் பூஜ்யம்னு வந்தப்பவே ஒங்களுக்குத் தோணல்லியா?"

தோன்றியது ஞானதாசன் வாத்தியாரின் குப்பை டின்தான் என்று ரசலையன் அவளிடம் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த அலுவலர் சஜ்னா என்ற பெண், கோப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ரசலையன் சிவதாணுவை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சிவதாணுவுக்கு விளங்க இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப ரெண்டாவது சாட்சியும் நீருதானா?"

"நானேதான்."

சிவதாணு திரும்பி உள்ளே பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மழ பெஞ்சது நெசம். நூத்திமுப்பத்தொண்ணு நெசம். வயலு போனதும் நெசம். தாள்ல ஒத்ததுன்னு மெஷினே அடிச்சிருக்கு. சும்மா போடும் வோய். ஆருக்குத் தெரியும்?"

ரசலையன் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். சிவதாணு சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் அறுபத்துமூன்று பேருக்கும் பணம் வரும். நாலு பேரிடம் பெருமையடித்த ஆளின் மானமும் மிஞ்சும். ஆனால், எழுதியவரும் ஒப்பிட்டவரும் ஒருவரே என்று ஒரு தாளை அவர் ஆயுளில் அனுப்பியதில்லை.

"ஒமக்கு எவ்வளவு வரணும்?" என்று கேட்டார்.

"அத ஏன் கேக்கீரு? போடமாட்டீரு, அவ்வளவுதான?" என்று சிவதாணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போய் சஜ்னாவின் முன்னால் நின்றுகொண்டே சொன்னார். ஜூனியர், பர்ஸ், 402, தன் கணக்கைத் தானே காசு கொடுத்து வாங்கியது, கன்றுக்குட்டி, 17.4 எல்லாம். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. அப்புறம் விஷயம் புரிந்து சிரிப்பு நின்றது. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

சஜ்னா சிரிக்கவில்லை. "அப்ப இந்தத் தொண்ணூத்தெட்டுத் தாளும்?"

"செல்லாது அம்மா. பேரேடு செல்லும். அதுல ஒரு நாள் அளக்கல்ல."

"மத்த நாளெல்லாம்?"

"அளந்தது."

"ரெண்டாவது பதிவு இல்லேன்னா ரூல்படி நான் உங்க அளவ எடுத்துக்க முடியாது சார்," என்றாள். கோப்பை மூடினாள். அப்புறம், "வந்தது வந்தாச்சு, வயலையாவது காட்டுங்க. நேர்ல பாத்த சேதத்த எழுத ரூல் இருக்கு," என்று எழுந்தாள்.

மழை பெய்து நாற்பத்தொரு நாளாகியிருந்தது. ஆனாலும் மோட்டார் அறைச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது. குளத்தை ஒட்டிய வயல்களில் அழுகிய நாற்று அப்படியே கிடந்தது. மேட்டுப் பக்கத்தில் பலர் கடன் வாங்கி மறுநடவு செய்து, வயல் பச்சையாக நின்றது. சஜ்னா கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஜனவரி மூன்றாம் வாரம் பணம் வந்தது. நாற்பத்தொரு பேருக்கு. மறுநடவு செய்த மீதி இருபத்திரண்டு பேருக்கு, சேதம் நேரில் காணப்படவில்லை என்று கடிதம். அந்த இருபத்திரண்டில் சிவதாணுவும் ஒருவர்.

இருபத்திரண்டு பேரில் சிலர் இன்றும் ரசலையனைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போகிறார்கள். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, தவறு என்று சொல்ல வாயில்லை. பேரேட்டில் 1996 ஜூன் 11-க்கு நேரே சிவப்பு மையில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பமிட்டார். இணையதளத்தில் தன் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார். இனி எந்த இயந்திரமும் ஏமாறக் கூடாது. ஜூனியர் தனக்குக் கொடுத்த இரண்டு டாலர் ஐம்பத்தேழு சென்ட்டை வரவிலும் எழுதி, செலவிலும் எழுதிச் சமன் செய்தார். உலகத்தில் அவருடைய வாடிக்கையாளர் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யம்.

சங்கக் கூட்டத்தில் சிவதாணு எழுந்து, ஊருக்கு இன்னொரு மழைமானி வாங்க வேண்டும் என்றார். எங்கே நடுவது என்ற பேச்சு வந்தது. "எனக்க வீட்டுல. இந்த ஆளுக்குப் பக்கத்துல வச்சா அதையும் இவரு அளந்துருவாரு," என்றார். கூட்டம் சிரித்தது. ரசலையனும் சிரித்தார், ஒரு நொடி தாமதமாக.

புது மழைமானி நட்ட பிறகு முதல் மழை பிப்ரவரி பதினொன்றாம் தேதி. எட்டு முப்பத்தைந்துக்கு போன் அடித்தது. நவம்பருக்குப் பிறகு சிவதாணு அவரை அழைப்பது அதுதான் முதல் தடவை.

"எனக்குப் பன்னிரண்டு புள்ளி ரெண்டு. ஒமக்கு?"

"பதினொன்னு புள்ளி ஆறு."



"ஒம்ம குவளையக் கண்ணுக்கு நேரா புடிச்சீரா வோய்?"

நாற்பத்துமூன்று வருடம் மழை அளந்த மனிதரை இப்படிக் கேட்டவர் கிடையாது. ரசலையனுக்குக் காது சிவந்தது. பேனாவைத் திறந்து, தன் எண்ணுக்குப் பக்கத்தில் 12.2 என்று எழுதினார். வித்தியாசம் 0.6 என்று எழுதினார். அடியில் 'எழுதியவர்' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

"சிவதாணு, சாயங்காலம் ஒருக்கா வீட்டுக்கு வாரும்," என்றார். "ஒரு கையெழுத்து வேணும்."